இணையவழிக் கவிதைப் பாடம்: எதில் தொடங்குவது? – ஒரு திறனாய்வு

தமிழ்க் கவிதையைக் கணினி வழியாகக் கல்லூரிப் பாடமாக நடத்த முடியுமா என்று இன்றைக்கு யாரும் கேட்கத் தேவையில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் அறிவிக்கப்பெற்று, 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அந்தக் கேள்விக்கு அப்போதே விடை சொல்லிவிட்டது. அறிஞர் வா.செ. குழந்தைசாமி அவர்கள் முன்னின்று உருவாக்கிய அந்த நிறுவனம் 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. மழலைக் கல்வியில் தொடங்கி இளநிலைத் தமிழியல் பட்டம் வரை படிப்படியாகப் பாடங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இலக்கண, இலக்கிய நூல்களை உரையோடு தேடிப் படிக்க ஒரு மின்னூலகமும் உண்டு.

அந்த நூலகத்தின் அருமை வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்குத்தான் தெரியும். ஹடப்சரில் உட்கார்ந்துகொண்டு நச்சினார்க்கினியர் உரை வேண்டும் என்றால் முன்பெல்லாம் ஊருக்குப் போகிறவர் யாராவது வாங்கிவர வேண்டும். அவர் போய், கடை தேடி, புத்தகம் இருப்பு இல்லை என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கோனார் நோட்ஸ் வாங்கி வருவார். இன்று அரிசி மண்டிக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிந்தாமணியின் 3145 செய்யுளில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இதைச் செய்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதுவது முறையாகாது.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. நம் பிள்ளைகளுக்கு, அதாவது கல்லூரி வயதில் இருக்கும், வீட்டில் தமிழ் பேசத் தெரிந்த, ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைகளுக்கு, கவிதை அறிமுக வகுப்பு ஒன்றை இணையவழி ஆரம்பிக்கலாம் என்ற பேச்சு நம் குடும்பங்களுக்குள் இருக்கிறது. நல்ல பேச்சு. ஆனால் அதன் முதல் வகுப்பில் என்ன இருக்க வேண்டும்? இதில்தான் வழக்கமான பாடத்திட்டங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மேற்சொன்ன இளநிலைப் பாடங்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பேராசிரியர்கள் பொறுப்பாக எழுதியவை. பாடம் எதைப் பற்றியது, படித்தால் என்ன பயன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு முன்னுரை, பகுதிகள், நடுநடுவே தன் மதிப்பீட்டு வினாக்கள், கடைசியில் தொகுப்புரை. தனியாக இருந்து படிக்கும் மாணவனுக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை. குறை எங்கே என்றால், பாட்டு அங்கே சாட்சியாக வருகிறது. கால வரலாறு, தொகை நூல்களின் வரிசை, திணைப் பாகுபாடு எல்லாம் சொல்லிவிட்டு, இதற்கு எடுத்துக்காட்டு என்று நாலு அடியைக் கூப்பிடுகிறார்கள். அது வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அந்தப் பாட்டோடு பத்து நிமிஷம் இருந்து பேச மாணவனுக்கு நேரம் தரப்படுவதில்லை. இது அந்தப் பாடங்களின் தனிக் குறை அல்ல. நம் நாட்டுக் கல்லூரித் தமிழ்ப் பாடங்களின் பொதுக் குணம்தான் கணினிக்கும் குடியேறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே இணையதளத்தின் மழலைக் கல்விப் பகுதியில் பாட்டு ஒலிக்கிறது, படம் ஆடுகிறது. குழந்தை பாட்டைக் காதால் கேட்டு வாயால் சொல்லித்தான் தமிழுக்குள் வருகிறது. வயது ஏற ஏற ஒலி குறைந்து எழுத்து நிறைகிறது. பட்டப் பாடங்களிலும் ஒலியும் படமும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை அங்கே விருந்தாளிகள். குழந்தைக்குக் கொடுத்த மரியாதையை ஏன் இருபது வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது? கவிதையைப் பொறுத்தவரை நம்ம பிள்ளைங்க எல்லாருமே மழலைகள்தானே.

நம் முன்னோர் அறிமுகப் பாடத்தை எப்படி அமைத்தார்கள் என்று பார்ப்பதற்கு யாப்பருங்கலக் காரிகை ஒன்று போதும். எங்கள் சமணப் பெரியவர் அமிதசாகரர் எழுதியது என்பதற்காகச் சொல்லவில்லை. (அதற்காகவும் கொஞ்சம் சொல்கிறேன், தப்பில்லை.) அவர் முதலில் யாப்பருங்கலம் என்ற விரிந்த நூலைச் செய்தார். அது கற்றவர்க்கு. பிறகு புதிதாகப் படிக்க வருகிறவனுக்காக அதையே சுருக்கிக் காரிகை செய்தார். பல நூற்றாண்டுகள் தமிழ் மாணவன் கவிதைக்குள் நுழைந்த வாசல் அது. காரிகையைப் படித்துக் கவி பாடுவதைக் காட்டிலும் முரசு கொட்டிப் பிழைக்கலாம் என்று கேலி பேசும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு. அப்படிக் கேலி பேசும் அளவுக்கு எல்லாரும் அதைப் படித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பழமொழியில் எனக்குத் தெரியும் செய்தி.

அந்த நூலில் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, விதியையே பாட்டாக்கிவிட்டது. கட்டளைக் கலித்துறையில், நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்ற கணக்குத் தவறாத பாட்டில், யாப்பு விதியைச் சொல்கிறார். விதியைப் படிக்கிறவன் தன்னை அறியாமலே ஒரு யாப்பைக் காதில் வாங்கிக்கொண்டு போகிறான். இரண்டாவது, அது யாரிடமோ பேசுகிறது. ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, அவளை விளித்து விதியைச் சொல்லும் இந்த முறைக்கு மகடூஉ முன்னிலை என்று பெயர். பாடம் காற்றோடு பேசக் கூடாது, எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்பது தெரிந்த மனிதர். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: முதல் நினைப்பு. எந்த விதிக்கு எந்தப் பாட்டு எடுத்துக்காட்டு என்பதை மறக்காமல் இருக்க, அந்தப் பாட்டுகளின் தொடக்கச் சொற்களைக் கோத்து அதையும் ஒரு செய்யுளாகவே செய்து வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டுப் பாட்டு மாணவன் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எழுப்பிவிட ஒரு சொல் போதும் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியாது.

சீர்களின் பெயரைப் பாருங்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். தேமா என்ற சொல்லே நேர் நேர். புளிமா என்ற சொல்லே நிரை நேர். பெயரும் அதுவே, உதாரணமும் அதுவே, அளவுகோலும் அதுவே. படி என்பது அளவுக்கும் பெயர், அளக்கும் கருவிக்கும் பெயர் என்பது போல. இதைவிடச் சுருக்கமான பாடக் கருவியை இன்றைய மென்பொருள்காரர் செய்து காட்டட்டும்.

எழுத்தில் நூல் இருந்தும் குரல் இல்லாமல் நூல் திறக்காது என்பதற்கு உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று தாம் கற்றதையெல்லாம் இருபத்தைந்து வயது ஐயர் அடுக்குகிறார், முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். பாடத்திட்டத்தைப் பற்றித் தமிழில் நடந்த மிகப் பெரிய விவாதம் அந்த ஒரு சந்திப்புத்தான் என்பேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏடு கைக்கு வந்துவிட்டது, நச்சினார்க்கினியர் உரையும் வந்துவிட்டது. ஆனாலும் சமணச் சொற்கள் புரியவில்லை. நண்பர் ஒருவர் சொல்லி உள்ளூர்ச் சமணர் வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டு வாசலில் கோலமும் தோரணமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், இத்தனை நாள் கூடியிருந்து கேட்டு வந்த சிந்தாமணிப் படிப்பு அன்றைக்குப் பூர்த்தியானதாம்! ஐயருக்கு எப்படி இருந்திருக்கும்? தாம் எழுத்து எழுத்தாகப் போராடிக்கொண்டிருந்த நூலை நாலு தெரு தள்ளி ஒரு கூட்டம் காதாலேயே கேட்டு முடித்து விழா எடுக்கிறது. அங்கே சந்திரநாத செட்டியார் முதலானவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் சந்தேகம் தீர்ந்தது. நூல் 1887இல் அச்சேறியது. ‘என் சரித்திர’த்தில் இதை அவரே வாய் நிறையச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கும்பகோணத்து வீட்டில் பல்கலைக்கழகம் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் பொருள் சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், மறுநாளும் வருகிறார்கள். நம் இணைய வகுப்புக்கு நான் மாதிரியாகச் சொல்வது இதைத்தான்.

இது பழமைவாதியின் ஆசை என்று யாரும் தள்ளிவிடாமல் இருக்க அமெரிக்க உதாரணம் ஒன்றையும் வைக்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல் ஃபில்ரீஸ், தற்கால அமெரிக்கக் கவிதை பற்றிய அறிமுக வகுப்பை 2012 செப்டம்பரில் கோர்செரா தளத்தில் இலவசமாகத் தொடங்கினார். மாட்பொ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பத்து வாரப் படிப்பு. முதல் தடவையே 30,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர் கரும்பலகை முன்னால் நின்று விரிவுரை செய்யவில்லை. ஒரு மேசையைச் சுற்றி இளைஞர்கள் சிலரை உட்காரவைத்து, ஒரு சின்னக் கவிதையை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, நீ என்ன நினைக்கிறாய், நீ ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டுக் கேட்டுப் பேசவைத்து அதைப் படம் பிடித்தார். பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு நாற்காலியில் தானும் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எமிலி டிக்கின்சன் எந்த ஆண்டு பிறந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே அவர் கவிதையோடு இருபது நிமிஷம் கழிந்துவிடும். கும்பகோணத்துத் திண்ணைக்கும் இந்த மேசைக்கும் அதிக தூரம் இல்லை.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் எல்லாக் கல்லூரியும் அவசர அவசரமாக இணையத்துக்கு வந்தபோது, எங்கள் உறவுப் பையன் ஒருவன் படித்த கல்லூரியில் மொழிப் பாட வகுப்பை அடுத்த அறையிலிருந்து நான் பல நாள் கேட்டேன். ஆசிரியர் திரையில் பாடக் குறிப்பைப் போட்டு, அதையே வரி தவறாமல் வாசித்தார். மாணவர் ஒலிவாங்கி எல்லாம் அடைத்திருந்தது. வருகைப் பதிவுக்கு மட்டும் ஒரு நிமிஷம் திறந்தது. பையன் பக்கத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாம் இருப்பது ஹடப்சர். ஆஷாட ஏகாதசி யாத்திரையில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் புனே வந்து, இந்த ஹடப்சர் வரைக்கும் வந்துதான் ஒன்று சாஸ்வட் சாலையிலும் இன்னொன்று சோலாப்பூர் சாலையிலுமாகப் பிரிகின்றன. அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு நம்மில் பலர் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்துக்கொண்டு நிற்கிறோம். அந்தத் திண்டிகளில் நடப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கு அபங்கம் நூறு தெரியும். தலைமேல் துளசிச் செடி, வாயில் துக்காராம். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாட, நடந்துகொண்டே கவிதை கற்கிறார்கள். நம் மராத்தி அக்கம்பக்கத்தார் பதினேழாம் நூற்றாண்டுக் கவிதையைத் தெருவில் வைத்திருக்கிறார்கள்; நாம் அதைவிடப் பழையதைப் பரணில் வைத்திருக்கிறோம்.

ஆகவே முதல் வகுப்பு ஒரே ஒரு பாட்டு. குறுந்தொகையில் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தே அடி. பாடினவர் பெயர் தெரியாமல் போய், பாட்டில் வரும் உவமையையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். புலவர் பெயர் காணாமல் போனாலும் பாட்டு நின்றது என்பதை இதைவிட எப்படிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது? முதலில் வகுப்பு நடத்துகிறவர் பொருள் சொல்லாமல் மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தைத் திரையில் காட்டக் கூடாது. பிறகு கேட்க வேண்டும்: எந்தச் சொல் உனக்குத் தெரிந்த சொல் மாதிரி இருந்தது? தாய், தந்தை என்பதற்கான பழைய வடிவங்கள் காதில் பட்டிருக்கும், நெஞ்சம் பட்டிருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

அந்தப் பாட்டில் தலைவன் மூன்று கேள்வி கேட்கிறான். உன் தாயும் என் தாயும் யாருக்கு யார்? நம் தந்தையர் எந்த வழியில் உறவு? நீயும் நானும் எப்படி அறிமுகம்? கொஞ்சம் யோசித்தால், நம் வீடுகளில் வரன் பார்க்கும்போது நாம் கேட்கிற கேள்விகள்தாம் இவை. எந்த ஊர், யார் பிள்ளை, எப்படித் தெரியும். மகர்பட்டாவில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஒரு தமிழ்ப் பையனும் மராத்திப் பெண்ணும் வீட்டில் வந்து நிற்கும்போது பெரியவர்கள் கேட்பதும் இவைதாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் அதே கேள்விகளைத் தானே கேட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் உறவு இல்லை, ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சு கலந்துவிட்டது என்று முடிக்கிறான். இதைப் பிள்ளைகள் முன்னால் சொல்லப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம். பாட்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் கூச்சமே அடையாளம்.

மண் விஷயமும் உண்டு. புனேயைச் சுற்றிக் கிழக்கே கரிசல் பூமி. மேற்கே சஹ்யாத்ரி ஏறி மகாபலேஷ்வர், கொங்கணம் பக்கம் போனால் செம்மண். என் பேத்தி தமிழ் எழுத்துப் படிக்க மாட்டாள். இந்தப் பாட்டை வாயால் சொல்லிக் கொடுத்துப் பொருளும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தாத்தா, ஜூலையில மகாபலேஷ்வர் ரோட்டோரம் ஓடுமே சிவப்புத் தண்ணி, அதுவா? அதுல மண்ணைத் தனியா எடுக்கவே முடியாதே” என்றாள். உவமையின் உயிர்நிலை அதுதான். நீருக்குச் சொந்த நிறம் கிடையாது; விழுந்த மண்ணின் நிறமே அதன் நிறம்; பிறகு பிரிக்க முடியாது. பிரிந்து போய்விடுவானோ என்று அஞ்சும் பெண்ணிடம் அவன் சொல்வதாகத் துறைக் குறிப்பு இருக்கிறது என்பதை அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பாள்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திணை, துறை எல்லாம் வரட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிஞ்சி, முல்லை தெரியாமல் அகப்பாட்டைப் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்று தமிழாசிரியர்கள் சொல்வது சரிதான். அந்தப் பாதி கிடைத்தவன் மறுபாதிக்கு வருவான்; ஒன்றும் கிடைக்காதவன் அட்டவணைக்காக வர மாட்டான் என்பதே என் வாதம். நாலாம் வாரம் நம் மராட்டிய மண்ணுக்கே உரிய ஒரு நூலைப் பக்கத்தில் வைக்கலாம். கோதாவரிக் கரையில் பைட்டணத்திலிருந்து ஆண்ட சாதவாகனர் குலத்து ஹாலன் பெயரால் வழங்கும் காதா சப்தசதி. எழுநூறு சிறு பாடல்கள், மகாராஷ்டிரி பிராகிருதத்தில். தலைவி, தோழி, ஊர்ப் பேச்சு, மழைக்காலத்தில் திரும்பி வராத கணவன் என்று நம் அகப்பாட்டின் உறவுக்காரி மாதிரியே இருக்கும். இந்த ஒற்றுமையை ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சாதவாகனர் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் பொறித்திருக்கிறார்கள். காசு சமாச்சாரம் என்றால் வியாபாரிக்கு ஒரு தனி மகிழ்ச்சி, மன்னிக்கவும். பள்ளியில் மராத்தி படித்த நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், தமிழ் என்பது ஊருக்குப் போகும்போது மட்டும் எடுத்துக் கட்டும் வேட்டி என்ற நினைப்பு கொஞ்சம் மாறும்.

நடத்துவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. இணைய வகுப்பில் பத்துப் பேர் ஒருசேரப் பாட்டுச் சொல்ல முடியாது. குரல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் சிறு பங்கு தாமதமாகிறது. ஆளுக்கு ஆள் அந்தத் தாமதம் வேறு. போதாததற்கு மென்பொருள் ஓங்கிய குரலை முன்னே விட்டு மற்றதை அமுக்கிவிடும். கோஷ்டியாகச் சொன்னால் சந்தைக் கடை இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் திண்டி மாதிரி எல்லாரும் சேர்ந்து பாடும் முறை இங்கே செல்லாது. ஒருவர் சொல்லி நிறுத்த, அடுத்தவர் வாங்கிச் சொல்லும் முறைதான் சரிப்படும். வாரம் முழுக்க ஒவ்வொருவரும் தம் குரலில் பாட்டைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பிழை இருந்தாலும் இருக்கட்டும். ழகரம் லகரமாகத்தான் வரும், ஒண்ணும் குடி முழுகாது. வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அமெரிக்கக்காரர் முப்பதாயிரம் பேரைச் சேர்த்தாரே என்றால், அங்கேயும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சிலர்தான்.

எழுத்துத் தெரியாமல் கவிதையா என்று கேட்பார்கள். பாட்டு வாயில் ஏறிவிட்டால், தான் சொல்வது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் ஆசை தானாக வரும். அப்போது மின்னூலகத்தைத் திறந்து, தனக்குத் தெரிந்த பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து அடியை எழுத்தில் பார்க்கிறவனுக்கு எழுத்துக் கூட்டுவது பாதி வேலைதான். தேர்வு, மதிப்பெண் எல்லாம் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். பட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு இணையக் கல்விக்கழகம் இருக்கிறது.

புதுக்கவிதைக்கு ஒரு வாரம் அவசியம் வேண்டும். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில் வந்த கவிதைகளின் தொகுப்பான ‘புதுக்குரல்கள்’ 1962இல் வந்தது, அதிலிருந்து ந. பிச்சமூர்த்தியை எடுக்கலாம். எதுகை மோனை இல்லாமலும் காது வேலை செய்யும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். இதைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்த இளையவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களே நடத்தட்டும்.

எட்டாவது வாரம் அமிதசாகரருக்கு. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும் என்ற விதியை அன்றைக்குச் சொல்லி, ஆளுக்கு ஒரு கடைசி அடி செய்துகொண்டு வரச் சொல்லலாம். தங்கள் ஊர்ப் பெயரே அதில் அமைகிறதா என்று பார்க்கட்டும். புனே என்பது நிரை ஒன்றே, அது மலர். ஆரணி சரிப்படாது. ஹடப்சர் எந்த வாய்பாட்டுக்கும் அடங்காமல் அடம் பிடிக்கும். அதை என்ன செய்வது என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.